மச்சானின் லைசென்ஸில் நான் மது விற்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. லண்டன் புறநகரில் என் மனைவியின் அண்ணன் நடத்திவந்த உணவகத்தை நான் வாங்குகிறேன். வரும் முதலாம் திகதி சாவி கைக்கு வருகிறது. மச்சான் குடும்பத்தோடு கனடாவுக்குப் போகிறார். மதுபான லைசென்ஸ் அவருடைய கம்பனி பெயரில் இருக்கிறது. சுவரில் தொங்கும் தாளில் டி.பி.எஸ். (மது விற்பனைக்கு அன்றாடப் பொறுப்பாளர்) என்று போட்டிருப்பதும் அவர் பெயர்தான். "லைசென்ஸ் கடைக்குத்தான், ஆளுக்கு இல்லை. நீ பேசாமல் நடத்து, கம்பனியை நான் அங்கே போய் மூடிக்கொள்கிறேன்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் போன வருடமே வகுப்புக்குப் போய், மது விற்கத் தனியாளுக்குக் கொடுக்கும் பேர்சனல் லைசென்ஸை எடுத்துவிட்டேன். என் பெயரில் புதுக் கம்பனியும் தொடங்கியாயிற்று. வேறு இரண்டு சந்தேகங்களும் உண்டு. வார இறுதியில் உதவிக்கு வரும் என் அக்கா மகனுக்கு வயது 17. அவன் மேசைக்குப் பியர் கொண்டுபோகலாமா? பிறந்தநாள் விழாவுக்கு வருகிறவர்கள் தங்கள் போத்தலைக் கொண்டுவந்து குடித்தால் எனக்குப் பொறுப்பு உண்டா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். மச்சான் பெயரிலேயே நடத்தத் தொடங்காதீர்கள். அதே முதலாம் திகதியிலிருந்து உங்கள் பெயரில், முறைப்படி விற்க வழி இருக்கிறது. அதற்குக் கவுன்சிலுக்குக் கட்டவேண்டியது மொத்தம் 46 பவுண். மச்சான் விமானம் ஏறுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கவேண்டும். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, பிறகு ஆயிரக்கணக்கில் செலவழித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் வேறு சட்டங்கள். இங்கே எல்லாமே 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டத்தின் கீழ் வருகிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2005 நவம்பர் 24ஆம் திகதி.

மச்சான் சொன்னதில் பாதி உண்மை. பிரிமிசஸ் லைசென்ஸ், அதாவது இடத்துக்கான மதுபான லைசென்ஸ், அந்தக் கட்டடத்துக்கு என்றுதான் வழங்கப்படுகிறது. வருடக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பொதுவாக முடிவுத் திகதியும் இல்லை. ஆனால் அதை வைத்திருப்பதற்கு ஓர் ஆளோ கம்பனியோ இருந்தே ஆகவேண்டும். வைத்திருப்பவர் இறந்தால், கடனில் முறிந்தால், அல்லது அது கம்பனியாக இருந்து கலைக்கப்பட்டால், அந்தக் கணமே லைசென்ஸ் காலாவதியாகிவிடும். சட்டத்தின் 27ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. கவுன்சில் கடிதம் போட்டு உங்களை எச்சரிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மச்சான் டொரண்டோவில் இருந்துகொண்டு, கணக்காளரிடம் "கம்பனியை மூடிவிடுங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் போடுவார். கம்பனிகள் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும் நாளில் உங்கள் உணவகத்தில் லைசென்ஸ் இருக்காது. அது தெரியாமல் அன்று இரவும் நீங்கள் விற்றுக்கொண்டிருப்பீர்கள்.

காலாவதியானதிலிருந்து 28 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பம் போட்டால் அதை உயிர்ப்பிக்கலாம். அந்த 28 நாள் போய்விட்டால் புதிதாகத்தான் கேட்கவேண்டும். புது விண்ணப்பம் என்றால் கடை வாசலில் வெளிர்நீலத் தாளில் அறிவித்தல், உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம், 28 நாள் காத்திருப்பு, அதற்குள் அயலவர் ஒருவர் ஆட்சேபித்தால் கவுன்சிலர்கள் முன்னால் விசாரணை. கட்டணமும் கட்டடத்தின் ரேட்டபிள் வேல்யூவை (வணிக வரிக்காகக் கணிக்கும் மதிப்பை) பொறுத்து ஏறும்: 4,300 பவுணுக்கு மேல் 33,000 வரை 190 பவுண், அதற்கு மேல் 87,000 வரை 315 பவுண். பணத்தை விடுங்கள். "இந்தத் தெருவில் ஏற்கெனவே மதுக்கடைகள் கூடிவிட்டன" என்று கவுன்சில் கொள்கை வகுத்திருக்கும் பகுதியாக இருந்தால், மச்சானுக்கு முன்பு எளிதாகக் கிடைத்த நேரங்கள் உங்களுக்குக் கிடைக்காமலே போகலாம். கையில் இருக்கும் பழைய லைசென்ஸைக் கைவிடவே கூடாது.

கம்பனியை மூடாமல் வைத்திருந்தால்? லைசென்ஸ் உயிரோடு இருக்கும் வரை, அதன் நிபந்தனைப்படி இன்னொருவர் விற்பது அதனாலேயே குற்றமாகிவிடாது. இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் யாராவது உங்களிடம் இந்த வாதத்தைச் சொல்வார்கள். ஆனால் வருடக் கட்டண பில் மச்சானுக்குத்தான் போகும். அது கட்டப்படாவிட்டால் கவுன்சில் லைசென்ஸை இடைநிறுத்தும். பொலிஸார் மீளாய்வு (லைசென்ஸைத் தொடரவிடலாமா என்ற விசாரணை) கேட்டால் அந்த அறிவித்தலும் அவருடைய பழைய முகவரிக்குப் போய்க் கிடக்கும். உங்கள் முழு முதலீடும் வேறு ஒருவருடைய தபால் பெட்டியில் இருக்கும். உறவு எவ்வளவு நல்ல உறவாக இருந்தாலும் இது சரிவராது.

ஆகவே இரண்டு படிவங்களை ஒன்றாக அனுப்புங்கள். ஒன்று, லைசென்ஸை உங்கள் புதுக் கம்பனிக்கு மாற்றும் விண்ணப்பம். இதோடு பழைய கம்பனியின் சம்மதத்தை இணைக்கவேண்டும், மச்சான் இயக்குநர் என்ற முறையில் கையெழுத்திடுவார். மற்றது, டி.பி.எஸ். பெயரை அவரிடமிருந்து உங்களுக்கு மாற்றும் விண்ணப்பம். இதற்கு உங்கள் சம்மதப் படிவமும் பேர்சனல் லைசென்ஸ் விவரமும் போதும். ஒவ்வொன்றுக்கும் 23 பவுண். இரண்டிலும் "உடனடியாக நடைமுறைக்கு வரவேண்டும்" என்று கேட்கும் ஒரு பெட்டி இருக்கும். அதில் அடையாளமிட மறக்காதீர்கள். அடையாளமிட்டால், பொலிஸாருக்கு ஆட்சேபிக்க இருக்கும் 14 நாள் முடியும்வரை காத்திராமல், விண்ணப்பம் கவுன்சிலுக்குப் போய்ச் சேர்ந்ததுமே நீங்கள் அந்த இடத்தில் நின்று விற்கலாம். இணையவழியாக விண்ணப்பித்து, வந்துசேர்ந்தது என்ற பதில் மின்னஞ்சலை அச்சிட்டுக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டட உரிமையாளரின் சம்மதம் இதற்குத் தேவையில்லை. ஆனால் குத்தகை ஒப்பந்தத்தில் மது பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

டி.பி.எஸ். என்பவர் அந்த இடத்தின் அன்றாடப் பொறுப்பாளர். பொலிஸாரோ கவுன்சில் அதிகாரியோ பேசவேண்டுமென்றால் முதலில் தேடுவது அவரைத்தான். அவர் ஒவ்வொரு மணித்தியாலமும் கடையில் நிற்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போய்வரலாம். ஆனால் கனடாவில் குடியேறிவிட்ட ஒருவரை அன்றாடப் பொறுப்பாளர் என்று எந்த அதிகாரியிடமும் சொல்லி நிற்க முடியாது. அவர் விலகுவதாகக் கவுன்சிலுக்கு எழுதிவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம். டி.பி.எஸ். இல்லாத நேரத்தில் ஒரு கிளாஸ் வைன்கூட விற்கமுடியாது.

இன்னொன்று, ஒவ்வொரு விற்பனையையும் பேர்சனல் லைசென்ஸ் உள்ளவர் செய்யவேண்டும் அல்லது அவர் அதிகாரம் கொடுத்திருக்கவேண்டும். வாய்மொழி அதிகாரமும் செல்லும். இருந்தாலும் பணியாளர் பெயர்களை ஒரு தாளில் எழுதி, "இவர்கள் மது விற்க நான் அதிகாரம் அளிக்கிறேன்" என்று திகதியோடு கையெழுத்திட்டு வையுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் அதிகாரி வந்தால் அந்தத் தாள் பேசும்.

சரி, பெயர் மாற்றியாயிற்று. இங்கேதான் பலர் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் முக்கியமான வேலை இனித்தான் இருக்கிறது. நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கடையைத் திறப்பதற்கு முன்னால் லைசென்ஸை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள். சுவரில் தொங்குவது சுருக்கம் மட்டும். முழு லைசென்ஸ், அல்லது அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதி, கடையிலேயே இருக்கவேண்டும். மச்சானிடம் கேட்டு வாங்குங்கள். தொலைத்துவிட்டார் என்றால் கவுன்சிலிடம் பிரதி கேளுங்கள்.

அதில் பின்னிணைப்புகள் இருக்கும். முதலாவது, நாடு முழுக்க எல்லோருக்கும் பொதுவான கட்டாய நிபந்தனைகள். இரண்டாவது, அந்த லைசென்ஸை முதலில் எடுத்தவர் விண்ணப்பத்தில் தானே முன்வந்து எழுதிக்கொடுத்தவை. மூன்றாவது, விசாரணை நடந்திருந்தால் கவுன்சிலர்கள் விதித்தவை. நான்காவது, வரைபடம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் உங்கள் கடைக்கே உரிய வாக்குறுதிகள் இருக்கின்றன. அவற்றைக் கொடுத்தது மச்சானாகவும் இருக்கலாம், அவருக்கு முன்பு அங்கே கடை வைத்திருந்த யாரோவாகவும் இருக்கலாம். பெயர் மாறிய நாளிலிருந்து அவை நீங்கள் கொடுத்த வாக்குறுதிகள். லைசென்ஸே இல்லாமல் விற்பதும், லைசென்ஸில் உள்ள நிபந்தனையை மீறி விற்பதும் 136ஆம் பிரிவின் கீழ் ஒரே குற்றம். ஆறு மாதம் வரை சிறை, உச்சவரம்பில்லாத அபராதம், அல்லது இரண்டும்.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். "கண்காணிப்புக் கமராப் பதிவுகள் 31 நாட்கள் சேமிக்கப்படவேண்டும், அதிகாரி கேட்டால் காட்டத் தெரிந்த ஒருவர் எந்நேரமும் கடையில் இருக்கவேண்டும்." இப்படி ஒரு நிபந்தனை ஏராளமான லைசென்ஸ்களில் உண்டு. கமரா இருக்கிறது, திரையில் படம் ஓடுகிறது, எல்லோருக்கும் திருப்தி. அதிகாரி வந்து, "மூன்று வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை இரவு ஒன்பது மணியைக் காட்டுங்கள்" என்பார். பரிமாறும் பையனுக்குக் கடவுச்சொல் தெரியாது. சமையல்காரரைக் கேட்டால் முதலாளிக்குத்தான் தெரியும் என்பார். கடைசியில் திறந்து பார்த்தால் ஹார்ட் டிஸ்க் சிறியது, பன்னிரண்டு நாளுக்கு மேல் பதிவு இல்லை. ஒரு சண்டையோ திருட்டோ நடக்காமலே நீங்கள் குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்தில் போய்விட்டீர்கள். சாவி வாங்கிய அன்றே உங்கள் பெட்டியில் எத்தனை நாள் பதிவு இருக்கிறது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்.

அடுத்து, நம்முடைய உணவகங்களில் அதிகம் மீறப்படுகிற ஒன்று: "மேசையில் அமர்ந்து உணவு உண்பவருக்கு, அந்த உணவோடு மட்டுமே மது வழங்கப்படும்." உணவகம் என்று சொல்லி விண்ணப்பித்த இடங்களுக்கு இந்த நிபந்தனை மிகச் சாதாரணம். நான்கு நண்பர்கள் வந்து ஒரு தட்டு டெவல் சிக்கனை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் விஸ்கி குடித்தால் அது உணவோடு குடிப்பதா? ஒரு சுற்றுக்கு அப்படி வாதாடலாம், ஐந்தாவது சுற்றுக்கு முடியாது. சில லைசென்ஸ்களில் "கணிசமான உணவு" என்றே எழுதியிருக்கும். அங்கே இரண்டு மட்டன் ரோல்ஸ் கைகொடுக்காது. உங்கள் வியாபாரமே அந்த நண்பர்களை நம்பித்தான் என்றால், நிபந்தனையை மாற்றும்படி கவுன்சிலிடம் விண்ணப்பிப்பதுதான் வழி. பக்கத்துக் கடைக்காரரும் அப்படித்தான் செய்கிறார் என்பது விசாரணையில் எடுபடாது. அவருடைய லைசென்ஸில் அந்த வரி இல்லாமல் இருக்கலாம்.

நேரங்களையும் பாருங்கள். மது விற்கும் நேரம் ஒன்று, கடை மூடும் நேரம் வேறொன்று. இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை சூடான உணவோ பானமோ பொதுமக்களுக்கு விற்பதற்கும் லைசென்ஸில் தனியாக அனுமதி வேண்டும். மது விற்பனை 11 மணிக்கு முடிந்துவிட்டது, நாங்கள் கொத்து ரொட்டி மட்டும்தான் போட்டோம் என்று சொல்லித் தப்பமுடியாது. 11:15க்குத் தட்டில் விழும் அந்தக் கொத்துக்கும் லைசென்ஸ் வேண்டும்.

வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். மச்சான் இடையில் பாரை வலப்பக்கத்துக்கு நகர்த்தியிருப்பார், ஒரு சுவரை எடுத்திருப்பார். வரைபடத்தில் அது பழைய இடத்திலேயே இருக்கும். இப்படிப்பட்ட சிறு மாற்றங்களுக்கு 89 பவுண் கட்டிச் சிறு திருத்த விண்ணப்பம் போடலாம், மூன்று வாரங்களில் முடிவு தெரியும். மது விற்கும் நேரத்தைக் கூட்டுவது இந்தக் குறுக்குவழியில் நடக்காது. அதற்கு முழு விண்ணப்பம் வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றை இப்போது சொல்கிறேன். மது விற்பனையில் பிழைவிட்டு லைசென்ஸை இழப்பதை விட, சமையலறையில் வேலை செய்பவரின் விசாவால் இழப்பது பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். 2017 ஏப்ரல் முதல் உள்துறை அமைச்சின் குடிவரவுப் பிரிவுக்கும் லைசென்ஸை மீளாய்வு செய்யக் கோரும் அதிகாரம் உண்டு. வேலை செய்ய உரிமை இல்லாதவரைத் தெரிந்தே வைத்திருப்பது, கடத்தல் மது விற்பது போன்றவற்றை மிகவும் பாரதூரமாகக் கருதவேண்டும், முதல் தடவையானாலும் லைசென்ஸை ரத்துச் செய்வது பற்றித் தீவிரமாக யோசிக்கவேண்டும் என்று அரசின் வழிகாட்டியே கவுன்சில்களுக்குச் சொல்கிறது. "வழக்குப் போடவில்லையே, நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லவில்லையே" என்ற வாதமும் 2016இல் முடிந்துபோனது. ஓர் இந்திய உணவகத்தின் லைசென்ஸ் தொடர்பாக ஈஸ்ட் லிண்ட்சி கவுன்சில் உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கு அது. லைசென்ஸை எடுப்பதற்குக் குற்றத் தீர்ப்பு அவசியமில்லை, இனி நடக்காமல் தடுப்பதும் மற்றவர்கள் அதைப் பார்த்து அஞ்சி நடப்பதும் கவுன்சில் கவனத்தில் எடுக்கவேண்டியவை என்று நீதிமன்றம் சொன்னது.

ஆகவே மச்சானிடம் வேலை செய்தவர்களை "அவர் ஏற்கெனவே பார்த்திருப்பார்" என்று அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொருவரிடமும் ஷேர் கோட் (வேலை உரிமையைச் சரிபார்க்க அவர் தரும் குறியீடு) வாங்கி அரசு இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். பிரிட்டிஷ், ஐரிஷ் குடியுரிமை உள்ளவர்கள் என்றால் கடவுச்சீட்டை நேரில் பாருங்கள். பார்த்த திகதியோடு பிரதியைச் சேமியுங்கள். மாணவர் விசாவில் இருப்பவர் பட்டப்படிப்புத் தவணை நடக்கும் காலத்தில் பொதுவாக வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளோடு ஒரு மதிய வேளையையும் சேர்த்தால் அது தாண்டிவிடும். 2024 பெப்ரவரி 13 முதல், சட்டவிரோதமாக வேலைக்கு வைத்த ஒவ்வொருவருக்கும் முதல் தடவை 45,000 பவுண் வரை, மறுபடி பிடிபட்டால் 60,000 வரை அபராதம். இரக்கப்பட்டு ஒரு பிள்ளைக்கு வேலை கொடுக்கிறோம் என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த இரக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதிகாரிகள் கதவைத் தட்டும் நாளில் அந்தப் பிள்ளையின் எதிர்காலமும் உங்கள் கடையோடு சேர்ந்தே போகும்.

கடத்தல் மது என்றேன். வான் வண்டியில் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து, கைக்காசுக்கு, பில் இல்லாமல் மலிவாகத் தருபவர் ஒருவர் நிச்சயம் உங்களைத் தேடி வருவார். 2017 ஏப்ரலிலிருந்து வரித் திணைக்களத்தின் மதுபான மொத்த வியாபாரிகள் பதிவேட்டில் இருப்பவரிடமிருந்துதான் மொத்தமாக வாங்கலாம். அவருடைய பதிவு எண் பில்லில் இருக்கும். அதை இணையத்தில் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். பில்களைக் கோப்பில் போட்டுக் கடையில் வையுங்கள்.

இனி உங்கள் அக்கா மகன். 18 வயதுக்குக் குறைந்தவர் மது விற்பதானால் ஒவ்வொரு விற்பனைக்கும் பொறுப்பான வயதுவந்தவர் ஒப்புதல் தரவேண்டும் என்பது பொது விதி. ஆனால் மேசை உணவுக்கென்றே ஒதுக்கப்பட்ட பகுதியில், அந்த உணவோடு குடிப்பதற்கு மது பரிமாறினால் இந்த விதி பொருந்தாது. உங்கள் உணவக மேசைகள் அப்படிப்பட்டவைதான். அவன் பியர் கொண்டுபோகலாம். பாரில் தனியாக நின்று விற்கவிடாதீர்கள். உங்கள் லைசென்ஸின் பின்னிணைப்பில் "மது விற்பவர் அனைவரும் 18 வயதுக்கு மேற்பட்டவராக இருக்கவேண்டும்" என்று ஒரு வரி இருந்தால் இந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. மறுபடியும் அந்தத் தாளைத்தான் பார்க்கவேண்டும்.

பரிமாறுவது வேறு, குடிப்பது வேறு. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்றால் அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை நடந்தால் அது தனிக் குற்றம், கடையில் மது விற்பனையை 48 மணித்தியாலம் முதல் 14 நாள் வரை நிறுத்தவும் முடியும். ஒரேயொரு விதிவிலக்கு: 16, 17 வயதுப் பிள்ளை, வயதுவந்த ஒருவரோடு உட்கார்ந்து மேசை உணவு சாப்பிடும்போது, அந்தப் பெரியவர் வாங்கிக்கொடுத்தால் பியர், வைன், சைடர் மூன்றில் ஒன்றைக் குடிக்கலாம். விஸ்கி, சாராயம், கொக்டெயில் எதுவும் கூடாது. 15 வயதுப் பிள்ளைக்கு, "எங்கள் பிள்ளைதானே, ஒரு வாய்" என்று தகப்பனே ஊற்றினாலும் உங்கள் உணவகத்தில் அதை அனுமதிக்கமுடியாது.

வயது பார்க்கும் கொள்கை ஒன்று உங்களிடம் இருந்தே ஆகவேண்டும், அது கட்டாய நிபந்தனை. 25 வயதுக்குக் குறைவாகத் தெரிகிற எவரிடமும் அடையாள அட்டை கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்கள் அப்படித்தான் வைத்திருக்கின்றன. மறுத்தவற்றை எழுத ஒரு பதிவேடு வையுங்கள்: திகதி, நேரம், என்ன கேட்டார், ஏன் மறுத்தோம், யார் மறுத்தது. அதிகாரி அதை வாங்கிப் புரட்டும்போது எதைப் பார்ப்பார் தெரியுமா? கடைசிப் பதிவு ஐந்து மாதத்துக்கு முந்தியதா என்று பார்ப்பார். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதிய இருபது வரிகளா என்று பார்ப்பார். மறுக்கும் அன்றே மறுத்த பிள்ளையே எழுதவேண்டும். வெறிமுற்றியவருக்கு விற்பதும் குற்றம் என்பதால், அப்படி மறுத்ததையும் இதிலேயே எழுதலாம்.

அளவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜின், ரம், வொட்கா, விஸ்கி நான்கையும் 25 மில்லிலீற்றர் அல்லது 35 மில்லிலீற்றர் அளவிலோ அதன் மடங்குகளிலோதான் ஊற்றவேண்டும். ஒரே கடையில் இரண்டு அளவையும் கலக்கக்கூடாது. எந்த அளவு என்று வாடிக்கையாளருக்குத் தெரியும்படி அறிவித்தல் வேண்டும். தென்னஞ்சாராயமும் பிரண்டியும் அந்த நான்கில் இல்லை. இருந்தாலும் அவற்றுக்கும் அதே அளவுக் கிண்ணத்தையே பாவியுங்கள், தகராறு வராது. கிளாஸ் வைன் 125, 175 மில்லிலீற்றர் அளவுகளில். 125 கிடைக்கும் என்பது மெனுவில் இருக்கவேண்டும், பியர் அரைப் பைன்டும் அப்படித்தான். குழாய்த் தண்ணீர் கேட்பவருக்கு இலவசமாகக் கொடுக்கவேண்டும். குடிக்கக்கூடிய தண்ணீர் குழாயில் வரும்போது போத்தல் தண்ணீர்தான் உண்டு என்று சொல்லமுடியாது. "இத்தனை பவுணுக்கு விரும்பிய அளவு குடிக்கலாம்" என்ற விளம்பரங்களைத் தொடாதீர்கள். வேல்ஸில் கடை வைத்திருப்பவர்களுக்கு 2020 மார்ச்சிலிருந்து குறைந்தபட்ச விலைச் சட்டமும் உண்டு.

கடைசியாக, பிறந்தநாள் விழாவுக்குக் கொண்டுவரும் போத்தல்கள். அவர்கள் வாங்கியதை அவர்களே குடித்தால் நீங்கள் மது விற்கவில்லை. திறந்து ஊற்றிக்கொடுக்கக் கட்டணம் வாங்கினாலும் அது மது விற்பனை ஆகாது. ஆனால் "தலைக்கு இவ்வளவு, சாப்பாடும் ஒரு கிளாஸ் வைனும் சேர்த்து" என்று நீங்கள் பணம் வாங்கினால், அந்த வைன் இலவசம் என்று நோட்டீஸில் போட்டாலும், அது விற்பனைதான். விற்பனை இல்லை என்பதால் பொறுப்பு இல்லை என்றும் நினைக்கவேண்டாம். மேலே சொன்ன விதிவிலக்கைத் தவிர, 18 வயதுக்குக் குறைந்தவர் லைசென்ஸ் உள்ள இடத்தில் குடிப்பதே தடை, போத்தல் யாருடையது என்பது கேள்வியில்லை. மண்டபத்தின் மூலையில் மாமாமார் கொண்டுவந்த விஸ்கியைப் பதினாறு வயதுப் பையன்கள் கோலாவில் கலந்து குடிப்பதைக் கண்டும் காணாமல் விட்ட பணியாளர் குற்றம் செய்தவர் ஆவார். அடிதடி நடந்தால் பதில் சொல்லவேண்டியதும் நீங்கள்தான். இசைக்குக் காலை 8 முதல் இரவு 11 வரை, 500 பேருக்குள் என்றால், மது விற்க லைசென்ஸ் உள்ள இடத்தில் தனி அனுமதி தேவையில்லை. அதற்காக மேல்மாடியில் குடியிருப்பவரின் தூக்கத்தைக் கெடுக்கும் உரிமை கிடைத்துவிடாது.

என் ஆலோசனை, போத்தல் கொண்டுவர அனுமதிப்பதானால் பியரும் வைனும் மட்டும் என்று வரையறுங்கள். வந்த போத்தல்களைப் பாரில் ஒப்படைத்து, உங்கள் பணியாளரே மேசைக்கு ஊற்றும்படி வையுங்கள். அப்போதுதான் யாருக்கு எவ்வளவு போகிறது என்பது உங்கள் கண்ணில் இருக்கும். இதை விழா முன்பதிவுப் படிவத்தில் இரண்டு வரியாக எழுதி, முற்பணம் வாங்கும்போதே கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.